வன்னியில் இதய மிகைத்துடிப்பு

இதய மிகைத்துடிப்பு என்பது, ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும் நிலை. காய்ச்சல், குருதிச்சோகை, நீரிழப்பு, தைரொயிட் மிகைச்சுரப்பு, அச்சம் ஆகியவற்றால் இதயம் வேகமெடுப்பது உடலின் இயல்பு. அங்கே மூல காரணத்தைத் தீர்த்தால் போதும். இதயத்தின் மின்பாதையே பழுதாகி வரும் வேகம் வேறு. அதற்குத் துடிப்பையே திருத்த வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்கும் கடினம். இலங்கையின் வன்னியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அது இன்னும் கடினம். ஏனெனில் படபடப்புக்குப் போர் என்ற விளக்கம் அங்கே எப்போதும் தயாராக இருக்கிறது.

போரையும் படபடப்பையும் மருத்துவம் இணைத்துப் பார்த்தது புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் நெஞ்சுப் படபடப்பை ஜேக்கப் டா கொஸ்டா 1871இல் விவரித்தார். முதலாம் உலகப் போரில் தோமஸ் லூயிஸ் அதையே ஆராய்ந்தார். இன்னொரு புறம், திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் மிகைத்துடிப்பை பிரெஞ்சு மருத்துவர் பூவ்ரே 1889இல் தனி நோயாக வரையறுத்தார். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவதற்கு ஐந்தோவன் உருவாக்கிய ஈ.சி.ஜி கருவி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபின்னரே துடிப்பின் மின்தடத்தைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. 1930இல் வூல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகியோர் இளவயதினர் 11 பேரின் ஈ.சி.ஜியில் ஒரே வகை மாறுபாட்டைக் கண்டனர். மேலறையிலிருந்து கீழறைக்குப் பிறவியிலேயே அமைந்த உபரி மின்பாதையே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிந்தது.

2009இல் முடிந்த உள்நாட்டுப் போரும், அதன் பின் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் வாழ்வும் வன்னி மக்களின் மனத்தில் விட்ட வடுக்களை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு வடுவாகப் பதிவு செய்துள்ளார். ஆகவே படபடப்பை அச்சத்தோடு சேர்ப்பதில் தவறென்ன என்று கேட்கலாம். பலருக்கு அது சரியான விடையே. ஆனால் எல்லோருக்கும் அல்ல. மின்பாதைக் கோளாறால் மிகைத்துடிப்பு வந்த 107 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 67 வீதமானோரின் அறிகுறிகள் பீதிநோயின் அளவுகோல்களுக்கும் பொருந்தின. 55 வீதமானோரின் நோய் முதற் பரிசோதனையில் பிடிபடவில்லை. போரைக் கண்டவருக்கும் உபரி மின்பாதை இருக்கலாம். ஒன்று மற்றொன்றை மறுக்காது. அச்சத்தால் வரும் வேகம் படிப்படியாக ஏறி இறங்கும். மின்பாதையால் வருவது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். நாடி தாளம் தப்பித் துடித்தால், சிறுவயது வாதக்காய்ச்சல் வால்வைச் சுருக்கி ஏற்படுத்திய மேலறை நடுக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

முழுத் தீர்வு கொழும்பில் அல்லவா, கூலி வேலைக்குப் போகிறவர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார் என்பது அடுத்த மறுப்பு. குழாய் செலுத்தி உபரிப் பாதையைச் சுட்டழிக்கும் சிகிச்சைக்குப் பெரிய மையம் தேவை என்பது உண்மை. ஆனால் தாளம் தப்பாத மேலறை மிகைத்துடிப்பை நிறுத்தும் முதல் முயற்சிக்கு ஒரு சிரிஞ்சும் கட்டிலும் போதும். நோயாளர் சாய்ந்திருந்து, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் உந்துதண்டு நகருமளவுக்கு 15 வினாடி ஊதுவார். உடனே அவரைப் படுக்கவைத்து, கால்களை 45 பாகைக்கு உயர்த்தி 15 வினாடி பிடிப்பார்கள். 2015இல் பிரித்தானிய ஆய்வொன்றில் இம்முறை 43 வீதமானோருக்குப் பலித்தது. கால் உயர்த்தாத பழைய முறை 17 வீதத்துக்கே. பலிக்காவிட்டால் அடினோசின் ஊசி. இரத்த அழுத்தம் சரிந்தாலோ நினைவு தடுமாறினாலோ உடனடி மின்னதிர்ச்சி.

எனவே வன்னியில் நோயறிதலின் திருப்புமுனை, படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள வைத்தியசாலையில் ஈ.சி.ஜி எடுப்பதுதான். படபடப்பு நின்றபின் எடுத்த ஈ.சி.ஜி இயல்பாக இருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். துடிக்கும்போது பதிந்த அந்தக் கடதாசியைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருந்தால், யாரைக் கொழும்புக்கு அனுப்புவது, யாருக்கு உளவளத்துணை போதும் என்பதை ஊர் வைத்தியரே தீர்மானிக்கலாம்.