தாடை மூட்டும் படமும்

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசு பொது மருத்துவமனை. அந்த வளாகத்தில் பெர்னார்ட் கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது 1934-இல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், காதுவலி, இரைச்சல், தலைசுற்றல் ஆகியவற்றுக்குத் தாடை மூட்டுக் கோளாறு காரணமாகலாம் என்று எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்தால் மூட்டு பின்னுக்கு அழுந்தி நரம்பை நெரிக்கிறது என்ற அவர் விளக்கத்தை உடற்கூற்றியலாளர்கள் பின்னர் மறுத்தார்கள். ஆனால், எலும்பின் இடத்தைப் பார்த்தால் வலியின் காரணம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் மறையவில்லை. தாடை மூட்டுப் படத்தின் வரலாற்றை அந்த நம்பிக்கை மெல்லத் தளர்ந்த கதையாகவே நான் படிக்கிறேன்.

எக்ஸ்ரேக்கு இந்த மூட்டு எப்போதும் சிரமம் கொடுத்தது. மண்டையோட்டின் அடிப்பகுதி குறுக்கே மறைக்கும். சாய்கோணத்தில் எடுத்தால், கோணம் மாறும்போது எலும்பு இடைவெளியும் மாறித் தெரியும். எலும்புகளுக்கு நடுவில் வழுகும் மெல்லிய வட்டு எக்ஸ்ரேயில் விழாது. 1940-களில் டென்மார்க்கின் நார்கார்ட் மூட்டுக்குள் சாய மருந்து செலுத்தி அந்த வட்டின் உருவரையைப் படத்தில் கொண்டுவந்தார். 1980-களில் எம்.ஆர்.ஐ. ஊசியில்லாமலே வட்டைக் காட்டியது. விடை கிடைத்துவிட்டதாகவே பலர் எண்ணினர். பிறகு வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம் மாறியிருந்தது. வாய் திறக்கும்போது ‘டக்’ என்ற சத்தமும் வட்டு விலகலும் மட்டுமே நோய் ஆகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் படமே வேண்டாமா? சிறுவயதில் மோவாயில் அடிபட்டு, மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய் வாய் திறக்க முடியாமல் வளரும் குழந்தையின் நிலைமை வேறு. அந்த எலும்பு ஒட்டு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சி.டி. சொல்லாமல் அறுவை மருத்துவர் கத்தி வைக்க முடியாது. எலும்பு முறிவு, கட்டி, முடக்குவாதம் என்று சந்தேகம் வந்தாலும் படம் கட்டாயம். படம் எடுக்காவிட்டால் ஏதாவது தவறிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சந்தேகத்தை எழுப்புவது வீக்கம், மரத்துப்போதல், நாளுக்கு நாள் குறையும் வாய்த்திறப்பு போன்ற அறிகுறிகளே. தாடை மூட்டுக் கோளாறுகளுக்கு 2014-இல் வந்த சர்வதேச நோயறி வரையறைகளும், வலியை நோயாளியின் சொல்லையும் தசையை அழுத்திப் பார்க்கும் விரலையும் கொண்டே கணிக்கின்றன. வட்டை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ., எலும்புத் தேய்மானத்துக்கு சி.டி. என்று படத்தின் வேலையை வரையறுக்கின்றன. நெமிலிச்சேரிக்காரர் இன்று சென்ட்ரல்வரை போக வேண்டியதில்லை; பூந்தமல்லி நெடுஞ்சாலையில், 1988-இல் தொடங்கிய வேலப்பன்சாவடி பல் மருத்துவக் கல்லூரிவரை போனாலே சிகிச்சை கிடைக்கும். அங்கே போகிறவர், எத்தனை விரல் அகலம் வாய் திறக்கிறது, மெல்லும்போது எந்த இடம் வலிக்கிறது என்பதை முதலில் சொல்வது நல்லது. எந்தப் படம் வேண்டும் என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி.