கூந்தற்பனையும் கூட்டுறவும்

சபரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் மலைச்சரிவுகளை மூடி நிற்கின்றன. தோட்ட எல்லையைக் கடந்தால், கிராமத்து வளவுகளிலும் காட்டோரங்களிலும் தானே முளைத்து ஓங்கி நிற்பது கூந்தற்பனை. சிங்கள மக்கள் இதனைக் கித்துள் என்பர். தோட்டத் தமிழரும் அப்பெயராலேயே அறிவர். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இம்மரத்தின் இனிய நீரையும் அதிலிருந்து காய்ச்சும் வெல்லத்தையும் குறித்துள்ளார்.

கித்துள் ஏறுவோர் முதலிற் பாளைக்கு மருந்திட்டுக் கட்டிப் பதப்படுத்துவர். பின்னர் காலையும் மாலையும் அதன் நுனியைச் சீவி, ஊறும் நீரை முட்டியில் ஏந்துவர். மருந்தின் பக்குவம் தந்தை மகனுக்கு உரைக்கும் குடும்பச் சொத்தாகும். முட்டியில் ஹல் மரப்பட்டையை இட்டால் நீர் புளிப்பது தாமதிக்கும். அதனைக் காய்ச்சினாற் பாணி. மேலும் இறுகக் காய்ச்சினாற் கருப்பட்டி. காய்ச்சாது விட்டாலோ, சில மணி நேரத்துள் கள்.

இந்தச் சில மணி நேரமே ஏறுவோரின் பலவீனம். காத்திருக்க இயலாத பொருளை வைத்திருப்பவர், வாங்குவோர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். திராட்சை பயிரிடுவோர்க்கும் நிலை இதுவே. அதனாலன்றோ, ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள மைஷோஸ் கிராமத்தார் 1868இல் சங்கம் அமைத்து, தம் திராட்சையைத் தாமே மதுவாக்கித் தாமே விற்கலாயினர்!

இலங்கையில் 1911ஆம் ஆண்டின் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிவகுத்தது. மறு ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை உரிமத்தின் கட்டுக்குள் கொணர்ந்தது. கடைகளை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் கை ஓங்கிற்று. மதுவிலக்கு இயக்கத்தார் அக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர்.

பல்லாண்டுகள் கழித்து, 1972இல், வடக்கே பனையும் தென்னையும் ஏறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவ்வேளை நிதியமைச்சராக இருந்த கலாநிதி என். எம். பெரேரா, கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதி என்பது நினைவுகூரத்தக்கது. உறுப்பினர் இறக்கிய கள்ளைச் சங்கமே பெற்று விற்றது. பிற்காலத்தில் எஞ்சிய கள், திக்கம் வடிசாலையிற் பனஞ்சாராயமாயிற்று. புளித்துக் கெடும் பொருளுக்கு இவ்வாறு நிலையானதொரு வாயில் கிடைத்தது.

கித்துளோ பனந்தோப்புப் போல் ஓரிடத்திற் செறிந்து நிற்பதில்லை. உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து, பூத்து முடிந்ததும் மடியும் மரம் அது. ஏறுவோரும் மலைக்கொருவராய்ச் சிதறி வாழ்பவர். ஆதலின் அவர்களை ஒன்றுகூட்டுவது எளிதன்று. ஆயினும் அதன் தேவை வடக்கினும் குறைந்ததன்று. உயர்ந்த மரத்தில் தனித்து ஏறுபவர், சந்தையிலும் தனித்து நிற்க வேண்டும் என்பது விதியன்றே!