பதுளைத் தோட்டங்களில் ஆங்கிலம் வாசித்தவர்கள்

சென்ற மாதம் பசறையிலிருந்து உறவுக்காரப் பெண்பிள்ளையொருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பவள். அவளது கையில் போட்டோக்கொப்பி எடுத்துத் தைத்த பயிற்சித்தாள் கட்டொன்று இருந்தது. தனியார் வகுப்பு ஆசிரியர் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். சீன நாட்டு உயர்பள்ளி மாணவருக்காக ஆக்கப்பட்ட ஆங்கிலக் கிரகித்தல் பயிற்சிகள்! பெய்ஜிங் மாணவன் ஒருவனின் கோடை விடுமுறை பற்றியும், பாட்டியின் நூடில்ஸ் கடை பற்றியும் எழுதப்பட்ட பந்திகளை நமுனுகுல மலையடிவாரத்துப் பிள்ளை பென்சிலால் அடிக்கோடிட்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தக் கேள்விதான் எனக்கு எப்பவும் பிழைக்குது" என்று ஓரிடத்தைக் காட்டினாள். பந்தியிலிருந்து நாம் எதனை உய்த்துணரலாம் என்பது கேள்வி. எல்லாச் சொற்களுக்கும் அவளுக்குப் பொருள் தெரிந்திருந்தது. ஆனால், எழுதியவர் சொல்லாமல் சொன்னது எது என்பதுதான் பிடிபடவில்லை.

சீனாவில் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை, கலாசாரப் புரட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்டு 1977இல் மீண்டும் தொடங்கியது. இன்று அதன் தேசிய ஆங்கில வினாத்தாளுக்குரிய 150 புள்ளிகளில் 50 புள்ளிகள் வாசித்துக் கிரகித்தலுக்கே உரியவை. ஆகவே அங்கே இத்தகைய பயிற்சித்தாள்கள் மலைபோற் குவிவதில் வியப்பில்லை. அவற்றுள் ஒரு கட்டு கடல் கடந்து பசறைக்கு வந்து சேர்ந்ததுதான் எனக்கு வியப்பு. அதைவிட, அந்தப் பிள்ளையின் கேள்வி என்னை வேறொரு திசையில் இழுத்துச் சென்றது. எங்கள் தோட்டங்களில் ஆங்கிலக் கிரகித்தல் என்பது பரீட்சை மண்டபத்தில் தொடங்கிய விடயமன்று. லயத்து வாசலில், தபாற்காரன் கொண்டுவந்த கடிதத்தில் தொடங்கியது அது.

தோட்டத் தொழிலாளியின் காதிலும் வாயிலும் ஆங்கிலம் ஆரம்பம் முதலே இருந்தது. லயம், பங்களா, ஸ்டோர், கண்டக்டர், செக்ரோல் என்று அவன் வாழ்ந்த உலகத்தின் பாதிப் பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் 'பெரட்டு', 'பரேட்' என்ற சொல்லின் திரிபு. 'கொந்தரப்பு' என்பது 'கொன்ட்ராக்ட்'. காதால் நுழைந்த மொழியைக் கண்ணால் வாசிக்கும் வாய்ப்பு மாத்திரம் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.

அது தற்செயலாக நேர்ந்ததன்று. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க நூல்கள் இருந்தன. 'இங்கே வா' என்ற தலைப்பிலேயே சின்னத்துரைக்கான தமிழ்க் கையேடொன்று 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற நூலை வெளியிட்டார். ஏவலுக்குத் தேவையான அளவு தமிழைத் துரை கற்றுக்கொண்டால் போதும். தொழிலாளி ஆங்கிலம் கற்கவேண்டிய தேவையே எழாது. இந்நூல்களின் பெயர்களே அந்தக் காலத்து உறவுமுறையைச் சொல்லிவிடுகின்றன.

தோட்டங்களில் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியவர்களில் 1854இல் அமைந்த தமிழ்க் கூலி மிஷனைக் குறிப்பிடவேண்டும். வேதாகமத்தை வாசிக்கத் தமிழ் எழுத்து வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பின்னர் வந்த 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குச் சுயபாஷைக் கல்வி அளிப்பதும் அதற்கென ஒரு கட்டடத்தை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் அதே வழியிற் சென்றது. 'சுயபாஷை' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். இன்று அதைக் கேட்டால் தாய்மொழிக் கல்வியின் பெருமை போலத் தோன்றும். அன்று அது ஓர் எல்லைக்கோடு. பத்து வயதுக்குப் பின் பிள்ளை கொழுந்துக் கூடையையோ முள்ளையோ எடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள். படித்துவிட்டால் மலைக்கு வேலைக்கு வரமாட்டார்கள் என்ற அச்சம் துரைமாரிடம் வெளிப்படையாகவே இருந்தது.

ஆனால் பதுளை நகரத்தின் கதை வேறு. 1880ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் நடைபெற்றன. நகரங்களில் மிஷன்மார் நடத்திய ஆங்கிலப் பாடசாலைகள் அப்பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தன. பதுளையிலும் ஊவா கல்லூரி, புனித பீட்ஸ் கல்லூரி போன்றவை இருந்தன. அங்கே சென்று படித்த தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கடைக்காரரின் பிள்ளைகள், கிளாக்கரின் பிள்ளைகள், டீமேக்கரின் பிள்ளைகள். லயத்துப் பிள்ளை அங்கே சென்றதென்றால் அது விதிவிலக்கே. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. ஆனால் ஸ்டேசனிலிருந்து தோட்டப் பாடசாலைக்கு ஆங்கிலம் வந்து சேர மேலும் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் இந்த விதிவிலக்குகளில் ஒருவர். 1934இல் ஹாலி-எல அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஜோசப்பும் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தார். அத்தோட்டத்தின் பெயரே 2022இல் அவர் மறையும்வரை அவருடைய பெயரோடு ஒட்டியிருந்தது. ஊவாவுக்கு வெளியே, பூண்டுலோயா பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இன்னொரு விதிவிலக்கு. அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' 1954இல் வெளிவந்தது. ஆங்கிலம் வாசிக்கக் கிடைத்த ஒருவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதற்கு அது போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் பிழையான படம் விழுந்துவிடும். தோட்டத்து மக்கள் வாசிப்பில் நாட்டமற்றவர்களல்லர். 1930இல் வீரகேசரி தொடங்கிய பின்னர், தேநீர்க்கடை வாங்கில் ஒருவர் உரத்து வாசிக்கப் பத்துப்பேர் கேட்பது வழக்கமாயிற்று. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததற்கே அந்த வாங்கு ஒரு காரணம் எனலாம். பஞ்சம் தமிழில் வாசிப்பவருக்கல்ல, தங்கள் தலைவிதியை எழுதிய காகிதங்களை வாசிப்பவருக்கே. அந்தக் காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

முதலில் 'துண்டு' வந்தது. கடனைத் தீர்த்தால் இந்தத் தொழிலாளியை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதைக் கையில் ஏந்தியபடி குடும்பம் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. தன் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறது என்பதைத் தூக்கிச் சென்றவனால் வாசிக்க முடியாது. 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. அடுத்து தந்தி. லயத்துக்குத் தந்தி வந்தால், வாசிக்குமுன்னரே பெண்கள் ஒப்பாரி தொடங்கிவிடுவார்கள். பிள்ளை பிறந்த செய்திக்கும் அழுததுண்டு.

இவையெல்லாவற்றையும்விடப் பாரதூரமானது பிரஜாவுரிமைக் கடிதம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சார்பில் அனுப்பப்பட்டன. இறுதியிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

என் பாட்டனார் அந்த எட்டு லட்சத்தில் ஒருவர். ஆனால் இரண்டாவது தொகைக்குள் அவர் வரவில்லை. காரணம் ஒரு கிரகித்தற் பிழை. அதை நான் என் தந்தையார் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அச்சட்டத்தின்படி, ஒரு விண்ணப்பத்தை ஆணையாளர் நிராகரிக்க எண்ணினால், அதற்கான காரணங்களைக் கூறி, நிராகரிக்கக்கூடாமைக்கு மூன்று மாதத்துள் காரணம் காட்டுமாறு விண்ணப்பதாரிக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும். காரணம் காட்டாவிட்டால் நிராகரிப்பு உறுதியாகும். அப்படியொரு கடிதம் எங்கள் லயத்துக்கு வந்தது. பாட்டனார் அதை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுசென்றார். அவர் பெயரோ தோட்டமோ இங்கு வேண்டாம், கெட்ட மனிதருமல்லர். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரியும். 'காரணம்' என்றிருக்கிறது, 'விண்ணப்பம்' என்றிருக்கிறது, 'ஆணையாளர்' என்றிருக்கிறது. "கேஸ் நடந்துகிட்டிருக்கு, பொறுத்திருங்க, மறுபடி எழுதுவாங்க" என்று சொல்லி அனுப்பினார். மிகப் பணிவான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அக்கடிதம் ஒரு கதவு மூடப்போகிறது என்று சொன்னதை அவர் உய்த்துணரவில்லை. பாட்டனார் பொறுத்திருந்தார். மூன்று மாதம் கழிந்தது. மறுபடியும் எழுதினார்கள்தான்.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று எண்ணிப் பிரித்தார்கள். என் பெரியப்பா குடும்பம் தலைமன்னார்க் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குச் சென்றது. பாட்டனார் எந்த நாட்டுக்கும் உரியவராகாமலே காலமானார். 1988இல் வந்த சட்டத்தின் பின்னரே என் தந்தையார் இந்நாட்டுப் பிரஜையானார். அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் உண்டு. மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ அரச அறிக்கைகளை வாசித்துச் செய்தியாக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஆபத்தை வேறெங்கும் கண்டதில்லை.

பின்னைய வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அரசே தோட்டங்களிற் பாடசாலை நடத்த வழிசெய்தது. ஆனால் நடைமுறையிற் கண்டது சொற்பம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அரச கடிதங்களின் மொழி மாறத் தொடங்கியது. வாசிக்கமுடியாத காகிதம் வாசிக்கமுடியாததாகவே இருந்தது, எழுத்து மட்டும் வேறு. பெருந்தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவி வந்து, பதுளை மாவட்டத்திலும் கட்டடங்கள் எழுந்தன, தளபாடங்கள் வந்தன. நான் படித்தது அந்த மாறுதற் காலத்திலேதான். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள். ஆங்கிலப் புத்தகம் இருந்தது, ஆங்கில ஆசிரியர் இல்லை. ஆசிரியரற்ற மொழியைப் படங்களைப் பார்த்து ஊகித்தோம். அதுவும் ஒருவகைக் கிரகித்தற் பயிற்சியென்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பாக வைத்து, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் ஆயுதமாக எப்படி இயங்குகிறது என்று எழுதினார். தோட்டத்தில் எவரும் அதை வாள் என்று சொல்லிக் கேட்டதில்லை. வாளென்றால் வெட்டுவது தெரியும். எங்களை வெட்டியது மடித்த காகிதம்.

2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கும் வந்தது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தார்கள். அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரியர் நியமனம் பெற்று வருபவர் எத்தனை நாளில் இடமாற்றம் கேட்பார் என்று அதிபர்மார் கணக்குப் பார்ப்பதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். அந்த இடைவெளியைத்தான் போட்டோக்கொப்பிக் கடையும் சீனத்துப் பயிற்சித்தாளும் நிரப்புகின்றன. அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. அந்நியப் பந்தியானாலும் அதிற் பாட்டியும் கடையும் இருக்கின்றன. லண்டன் பனிமூட்டத்தைப் பற்றி வாசித்துப் பரீட்சை எழுதிய எங்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

அன்று மாலை அந்தப் பிள்ளைக்குக் கேள்வியை விளங்கப்படுத்த என்னால் இயலவில்லை. கடைசியில் அலுமாரியைத் திறந்து பாட்டனாரின் கடிதத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையோடு அவள் முன்னே வைத்தேன். சொல்லகராதி இல்லாமலே அவளால் அதை வாசிக்க முடிந்தது. இரண்டாம் முறையும் வாசித்தாள். "நோ சொல்லப் போறாங்கன்னு சொல்றாங்க மாமா, ஆனா இன்னும் சொல்லல. அதுக்குள்ள நாமதான் எழுதணும்" என்றாள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அந்தப் பசறை வீதியில்தான் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதைக் கற்பிப்பது ஆங்கிலத்தில்.