1942: கடிதம் வராத தை

ஜனவரி இதழ் வந்தால் "வரலாற்றில் இந்த மாதம்" என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்பார்கள். தேதி போட்டுப் பட்டியலாகக் கொடுத்தால் நீங்கள் பாதியிலேயே பராமரிப்புக் கட்டணப் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்தமுறை ஒரே ஒரு ஆண்டு. 1942. அதிலும் ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை, ஆறரை வாரம் மட்டும்.

அந்த ஆறரை வாரத்தில் உலகம் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 1 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா நான்கும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மறுநாள் மேலும் 22 நாடுகள் சேர்ந்தன. சுதந்திரம் பெறாத இந்தியாவின் பெயரும் அதில் இருந்தது. "ஐக்கிய நாடுகள்" என்ற பெயர் பிறந்தது அந்தக் காகிதத்தில்தான். ஜனவரி 20-ஆம் தேதி பெர்லின் அருகே வான்சே ஏரிக்கரை மாளிகையில் நாஜி அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்களை மொத்தமாக அழிக்கும் வேலையை யார் யார் எப்படிச் செய்வது என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டுமே பெரிய விஷயங்கள். ஆனால் அந்த நாட்களில் கடையநல்லூரில் இருந்தவரிடம் கேட்டிருந்தால் இரண்டையும் சொல்லியிருக்கமாட்டார். "சிங்கப்பூர்ச் சேதி ஏதும் வந்ததா?" என்றுதான் உங்களைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

நம்மூருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் குடியிருப்பிலேயே பாதி வீடுகளுக்கு அங்கே சொந்தம் உண்டு. அது எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெசவுதான் இங்கே பெரும்பாலோர் தொழில். தறி ஓடினால் சோறு, நின்றால் கடன். தொழில் படுத்த காலங்களில் இங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் கப்பலேறத் தொடங்கின. 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை வந்த பிறகு பயணம் இன்னும் எளிதாயிற்று. இங்கேயே வண்டியேறி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜுலா போன்ற கப்பலைப் பிடித்தால், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற ஊர் ஆண்கள் தனியாகப் போய், சம்பாதித்து, திரும்பி வந்தார்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களில் பெண்களும் கூடவே போனார்கள். சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு வியாபாரத்திலும் வேலை பார்க்க, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். அக்கரைக்குப் போன நம் பாட்டிமார்கள் வீட்டுக்குள் முடங்கி இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாருமே குடும்பத்தோடு போனார்கள் என்றும் சொல்ல முடியாது. கணவன் அங்கே, மனைவி மக்கள் இங்கே என்று பிரிந்திருந்த வீடுகளும் நிறைய. 1941-இல் அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. தமக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். சங்கம் தொடங்கிய அதே ஆண்டின் கடைசி மாதத்தில் போர் வந்தது.

டிசம்பர் 8 விடியுமுன் ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்கே கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்றே சிங்கப்பூர் மீதும் குண்டு விழுந்தது. இரண்டு நாளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலுக்குள் போயின. 11-ஆம் தேதி பினாங்கில் குண்டுமழை. அங்கிருந்து ஐரோப்பியர்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிவிட்டு, சீனரையும் மலாய்க்காரரையும் நம்மவரையும் அப்படியே விட்டுப் போனது ஆங்கிலேய நிர்வாகம். என்னைக் கேட்டால், வெள்ளைக்காரன் மீது கீழை நாட்டு மக்களுக்கு இருந்த நம்பிக்கை போனது சிங்கப்பூரில் அல்ல, அந்தப் பினாங்கு ராத்திரியில்தான்.

அந்த டிசம்பர் கடைசியில்தான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு அக்கரையிலிருந்து வர வேண்டிய பணமும் கடிதமும் எத்தனை வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் செய்தியெல்லாம் ஒரே திசையில்தான் வந்தது: தெற்கே, தெற்கே. 7-ஆம் தேதி சிலிம் ஆற்றங்கரையில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று சிதறியது. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. இங்கே பொங்கல் வாரம், அங்கே கெமாஸிலும் மூவாரிலும் சண்டை. மூவாரில் இந்தியப் படையணி ஒன்று அநேகமாக முழுதாக அழிந்தது. ஜப்பானியச் சிப்பாய்கள் பலர் சைக்கிளில் வந்தார்கள். ஆங்கிலேயர் போட்ட நல்ல தார்ச்சாலைகள் அவர்களுக்குத்தான் பயன்பட்டன. ஜனவரி 31 அன்று பின்வாங்கிய படைகள் சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்து சேர்ந்ததும், ஜொகூரையும் தீவையும் இணைத்த பாலத்தை வெடிவைத்து உடைத்தார்கள். அதோடு தீவு தனித்துப்போனது.

கடையநல்லூரில் இந்தச் செய்திகள் எப்படி வந்தன? சென்னை வானொலி நிலையம் 1938-இல், திருச்சி நிலையம் 1939-இல் வந்துவிட்டன. ஆனால் ரேடியோப் பெட்டி வைத்திருந்த வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். ரயிலில் வரும் சுதேசமித்திரன், தினமணி, அதை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பது. பத்திரிகையும் தணிக்கைக்கு உட்பட்டது. "திட்டமிட்டுப் பின்வாங்கினார்கள்" என்று படித்துவிட்டு, வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் விரல் தஞ்சோங் பகாருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழ அரைமணி நேரம் ஆனால் நமக்கு இருப்புக் கொள்வதில்லை.

தஞ்சோங் பகாரில் குடியிருந்தது இப்போது வினையாயிற்று. கெப்பல் துறைமுகமும் அதன் கிடங்குகளும் ரயில் நிலையமும் அங்கேயோ பக்கத்திலோ இருந்தன. விமானங்கள் தேடி வந்த குறிகளும் அவைதாம். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் நகரம் குடிநீருக்குத் தவித்தது. பிப்ரவரி 15, ஞாயிறு, சீனப் புத்தாண்டு நாள். புக்கித் தீமாவில் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யமஷிதாவிடம் சரணடைந்தார். மலாயாப் போர் தொடங்கி எழுபதாவது நாள். இந்த எழுபது நாளில் பிடிபட்ட சுமார் 1,30,000 வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியர்.

பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்தே நின்றன, அதனால்தான் தோற்றார்கள் என்று ஒரு கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலான பீரங்கிகளைத் திருப்ப முடிந்தது. ஆனால் அவற்றுக்கு இருந்த குண்டுகள் கப்பலைத் துளைப்பதற்கானவை, தரையில் வரும் சிப்பாய்க்கு எதிராக அதிகம் உதவவில்லை. அதைவிட, வானில் எதிர்த்து நிற்க விமானம் போதவில்லை.

தோல்விக்குப் பிறகு சிங்கப்பூரின் பெயர் "ஷோனான்" ஆனது. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே திருப்பி வைத்தார்கள். சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்து, ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். பிப்ரவரி 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைத் தனியே கூட்டி, கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைத்தார்கள். அதன் பிறகு நேதாஜி வந்தது நீங்கள் அறிந்த கதை. அறியாத கதை, மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களுடையது. 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். அதைப் பற்றி எடுத்த சினிமாவில் வெள்ளைக்காரக் கைதிகளைத்தான் காட்டினார்கள்.

இக்கரைக்கு வருவோம். பிப்ரவரி 15-க்குப் பிறகு மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் தபால் இல்லை, மணியார்டர் இல்லை, கப்பல் இல்லை. இது 1945 செப்டம்பர் வரை நீடித்தது. மூன்றரை வருஷத்துக்கும் மேல். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மனைவி, மகன் உயிரோடுதானா என்று தெரியாமல் தாய். இறந்ததாகச் சேதி வந்தால் அழுது, இத்தா இருந்து, மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சேதியும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1939-இல், அதாவது போருக்குச் சற்று முன்புதான், முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்திருந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாமல் போனால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம் என்பது அதன் முதல் காரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன் ஹனஃபி வழக்கப்படி காணாமல் போனவரின் மனைவி ஏறக்குறைய ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையைத் தீர்க்க வந்த நல்ல சட்டம் இது. இந்துப் பெண்களுக்கு, சில சாதிகளின் வழக்கத்தில் இருந்த தீர்வைத் தவிர, சட்டத்தில் இப்படி ஒரு வழியே அப்போது கிடையாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1942 ஜனவரியில் கடைசிக் கடிதம் வந்த வீட்டில் நான்கு ஆண்டு முடிவது 1946 ஜனவரி. போர் முடிந்தது 1945 செப்டம்பரில். கெடு முடியச் சில மாதம் இருக்கும்போது கடல் திறந்தது. சட்டம் கொடுத்த கதவு அருகே ஒரு பெண் வந்து நிற்கும்போது, "இனி கப்பல் வரும், கொஞ்சம் பொறு" என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கடிதம் வந்த வீடு பெருநாள் கொண்டாடியிருக்கும். வராத வீட்டுக்காரி மறுபடி முதலிலிருந்து காத்திருக்கத் தொடங்கியிருப்பாள். போர்களைப் பற்றிய புத்தகங்களில் யமஷிதாவின் தந்திரம் பக்கம் பக்கமாக இருக்கிறது, இந்தக் கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை.

வயிற்றுப்பாட்டையும் மறக்கக்கூடாது. அதே வாரங்களில் பர்மாவும் விழுந்துகொண்டிருந்தது. டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு, மார்ச் 8-இல் நகரமே போனது. லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து வந்தார்கள். பர்மா போனதோடு பர்மா அரிசியும் நின்றது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும், 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது. அந்தச் சமஸ்தானம் தன் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு. அங்கே மக்கள் மரச்சீனிக்கு மாறினார்கள். அதே காலத்தில் சிங்கப்பூரிலும் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் மரவள்ளி நட்டுச் சாப்பிட்டார்கள். மரச்சீனியும் மரவள்ளியும் ஒரே கிழங்குதான். கடலின் இரண்டு பக்கமும் பிரிந்திருந்த ஒரே குடும்பம், ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கக் கூடும்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினார்கள். ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. மூன்றரை வருஷம் உழைத்துச் சேர்த்தவர்களின் கையில் இருந்தது அதுதான். அப்படி வெறுங்கையோடு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மறு ஆண்டே, 1946-இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கியது. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் சீறாப்புராண ஆசிரியர் உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1982 வரை நடந்தது அந்தப் பள்ளி. சிங்கப்பூரில் கடைசியாக மூடப்பட்ட தமிழ்வழிப் பள்ளியும் அதுதான்.

நம் குடியிருப்பில் "ஜப்பான்காரன் காலம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நேரில் கண்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுகூட இருக்கமாட்டார்கள். பழைய வீட்டை விட்டு இங்கே ஃபிளாட்டுக்கு வரும்போது தகரப்பெட்டியைக் கொண்டுவந்து லாஃப்டில் ஏற்றியவர்கள், வெள்ளையடிக்க ஆள் வரும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். 1941-க்கு முந்திய தபால் முத்திரை, பழைய கடவுச்சீட்டு, வாழைமர நோட்டு, யாரென்று பெயர் தெரியாத ஒரு போட்டோ, எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஏப்ரல் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.