நிரல் அடுக்குக் காப்பு

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நினைவகத்தில் நேரும் அத்துமீறலை அங்கேயே கண்டுபிடித்து நிறுத்தும் முறை. ஒரு பஃபருக்கு, அதாவது தரவைத் தேக்கும் நினைவிடத்துக்கு, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவதை சி மொழி தானாகத் தடுப்பதில்லை. வழிந்த தரவு, அடுக்கில் (ஸ்டாக்) உள்ள திரும்பு முகவரியை, அதாவது செயற்கூறு முடிந்ததும் நிரல் தொடர வேண்டிய இடத்தை, மாற்றிவிட்டால் நிரல் தாக்குபவரின் வசமாகும். 1972இல் அமெரிக்க விமானப்படைக்கு ஜேம்ஸ் ஆண்டர்சன் அளித்த அறிக்கையே இதைச் சுட்டியது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு இவ்வழியையும் பயன்படுத்திப் பரவியது. 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடுதான்.

1996இல் 'பிராக்' மின்னிதழில் ஆலெஃப் ஒன் என்ற புனைபெயரில் வந்த கட்டுரை தாக்கும் முறையைப் படிப்படியாக விளக்கியது. மறு ஆண்டு சோலார் டிசைனர், அடுக்கில் உள்ளதைக் கட்டளையாக இயங்கவிடாத திருத்தத்தை லினக்ஸுக்கு எழுதினார். அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியையும் அவரே வெளியிட்டார். கிரிஸ்பின் கோவன் குழுவினர் 1998 ஜனவரியில் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் முன்வைத்த ஸ்டாக்கார்ட் வேறு பாதையில் சென்றது. மாற்றப்பட்ட ஜிசிசி கம்பைலர், திரும்பு முகவரிக்கு முன்னால் ஒரு காவல் மதிப்பை வைத்தது. செயற்கூறு முடியும்போது அம்மதிப்பு மாறியிருந்தால் நிரல் நின்றுவிடும். சுரங்கத் தொழிலாளர்கள் நச்சுக்காற்றை அறியக் கொண்டுசென்ற கேனரிப் பறவையின் பெயரே இதற்கு இடப்பட்டது. இதன் ஒரு வகை மிக நுட்பமானது: காவல் மதிப்பில் வெற்றுக்குறி, வரிமுடிவுக்குறி போன்றவையே இருக்கும். மதிப்பை அறிந்த தாக்குபவர் அதை அப்படியே திருப்பி எழுத முயன்றாலும், சரங்களை நகலெடுக்கும் செயற்கூறுகள் அக்குறிகளைக் கண்டதும் நின்றுவிடும்.

பிழையைத் திருத்தாமல் நிரலை நிறுத்துவது காப்பாகுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. சேவை நின்றுபோவதும் இழப்பே. ஆயினும் கணினி பிறர் கைக்குப் போவதைவிட அது சிறிய இழப்பு. எழுதி முடித்த கோடிக்கணக்கான வரிகளை எவராலும் உடனே திருத்திவிட முடியாது. மீண்டும் கம்பைல் செய்வதோ எளிது. திரும்பு முகவரியை மட்டும் காத்தால் போதாது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதற்கு விடையாக ஐபிஎம்மின் ஹிரோவாக்கி எட்டோ, அணிகளைக் காவல் மதிப்பை ஒட்டியும் சுட்டிகளை அவற்றின் வழிதல் எட்டாத பக்கத்திலும் வைத்தார். அம்முறை 2003இல் ஓப்பன்பிஎஸ்டியிலும், மறுஎழுத்தாகி 2006இல் ஜிசிசி 4.1இலும் இடம்பெற்றது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் ஒத்த வசதி தனித்து உருவானதா, ஸ்டாக்கார்டைப் பின்பற்றியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2007இல் ஹோவாவ் ஷாச்சம், நிரலில் ஏற்கெனவே உள்ள கட்டளைத் துணுக்குகளைக் கோத்தே தாக்கலாம் என்று காட்டினார். இத்தகைய தாக்குதலைத் தடுக்க, திரும்பு முகவரிகளுக்குத் தனிப்படி வைத்து ஒப்பிடும் நிழல் அடுக்கு, 2020 முதல் இன்டெல் செயலிகளில் வன்பொருளாகவே வருகிறது.