ஓரணாச் சிற்றுண்டி

சென்னை மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் இயற்றப்பட்ட 1920ஆம் ஆண்டிலேயே, சென்னை நகரசபைத் தலைவராக விளங்கிய பிட்டி தியாகராயச் செட்டியார், ஆயிரம் விளக்கிலுள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க வேண்டுமென்ற யோசனையைச் சபையின் முன் வைத்தார். அங்கே படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், அந்த ஏழ்மையால் பள்ளிக்கூடத்தின் மாணவர் தொகை வெகுவாகப் பாதிக்கப்படுகிறது என்பதே அவர் கூறிய காரணம். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவழிக்கச் சபை சம்மதித்தது.

அந்தக் காரணத்தை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சம்பளம் வாங்காத பள்ளிக்கூடமும் தரித்திரக் குடும்பத்துக்கு முற்றிலும் இலவசமாகிவிடாது; ஏனெனில் எடுபிடி வேலை செய்து காலணா கொண்டுவரக்கூடிய சிறுவனையும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு தாயை வேலைக்கு அனுப்பக்கூடிய சிறுமியையும் பகல் முழுவதும் விட்டுக்கொடுப்பதே அக்குடும்பம் கல்விக்குச் செலுத்தும் கட்டணம். இந்தக் கஷ்டத்தை அறிந்து, பிள்ளையின் பசியையும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதில்தான் செட்டியாருடைய தீர்க்கதரிசனம் விளங்குகிறது.

ஏற்பாடு பின்னர் வேறு நான்கு பள்ளிக்கூடங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. இப்பள்ளிக்கூடங்களில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கும் மேலாயிற்று. வாசலில் நின்று தயங்கிய ஏழைக் குழந்தைகளே இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். எத்தனை பள்ளிக்கூடங்கள் கட்டினோம், எத்தனை உபாத்தியாயர்களை நியமித்தோம் என்று கல்விச் சரித்திரம் எழுதுவோர், பிள்ளைகளுக்கு என்ன உண்ணக் கொடுத்தோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுவார்களானால், ஹாஜர் புத்தகத்தின் ஏற்றத் தாழ்வுகள் பல தாமே விளங்கிவிடும்.

ஆயினும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசாங்கம் அனுமதி மறுத்தபடியால், 1925 ஏப்ரல் முதல் தேதியோடு சிற்றுண்டி நின்றது. கல்விக்கென ஒதுக்கிய பணத்தில் உணவுக்கு இடமில்லை என்ற அந்தத் தீர்ப்பை எவ்வகையிலும் நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை. ஈராண்டுகள் சென்றபின், 1927இல், இருபத்தைந்து பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 1,000 ஏழை மாணவர்களுக்கு மட்டும் மீண்டும் உணவளிக்க அனுமதி கிடைத்தது. சராசரியாகப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாற்பது பேர். நாற்பத்தோராவது பிள்ளையின் பசியைப் பற்றி உத்தரவில் ஏற்பாடு இல்லை.