காசும் நெல்லும்: சோழர் காலத்து உணவு விலை குறித்துச் சில எண்ணங்கள்

கல்வெட்டுப் பாடம் கற்கும் மாணவர் ஆண்டுதோறும் தவறாது எழுப்பும் வினா ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் கிடைத்ததாயின், அந்நாளைய மக்கள் எத்துணை வளமாக வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. வினாவினுள்ளேயே விடையும் அடங்கிவிட்டதாக அவர்கள் கருதுவர். பின்னர், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரக் கல்வெட்டில், காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது என்னும் செய்தியைப் படிக்குங்கால், இரண்டு எண்களையும் அருகருகே வைத்து வகுத்துப் பார்ப்பர். கலம் ஒன்றுக்கு 12 குறுணி. குறுணி ஒன்றுக்கு 8 நாழி. ஆகவே இரண்டு கலம் 192 நாழி. அதனை மூன்றால் வகுக்க 64 வரும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் நெல்லின் விலை 64 மடங்கு உயர்ந்தது என்பது அவர்தம் முடிபு. ஒளிப்பானேன்? யாமும் சில ஆண்டுகள் இவ்வாறே கற்பித்து வந்தோம். அது பிழை என்பதையும், எனினும் அவ்விரு கல்வெட்டுக்களையும் ஒப்பிடுதற்கு வேறொரு வழி உண்டு என்பதையும் ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

நெல்லைக் கொண்டு பிற பொருளை மதிப்பிடும் வழக்கம் தமிழகத்தில் சோழர்க்கும் முற்பட்டது. உமணர் உப்பை நெல்லுக்குச் சமமாக மாற்றியதனை அகநானூறு (140, 390) கூறும். மீன் கொடுத்துப் பெற்ற நெல்லும், மனைகளிற் குவித்த மிளகும், கலம் தந்த பொன்னும் ஒரே முசிறித் துறையில் கைமாறியதனைப் புறநானூறு (343) காட்டும். உப்புக்கு நெல் நேர் என்பது கடற்கரையிலன்றி, எருது பூட்டிய சகடங்கள் மேடும் பள்ளமும் கடந்து சென்று சேர்ந்த உள்நாட்டிற்குரிய விலை. வழிச்செலவும் அதனுள் அடங்கியிருத்தல் இயல்பு. ஆயினும் புலவர்க்கு விலைப்பட்டியல் நோக்கமன்று. எவ்வாண்டில், எவ்வளவு, எக்கோலால் என்பனவற்றை அவர் கூறார். அவற்றைக் கூறுவன கல்வெட்டுக்களே. அவையும் நாம் கேட்கும் வினாவுக்கு விடையாகப் பொறிக்கப்பெற்றவை அல்ல என்பதை மறத்தல் கூடாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையும், பிறரும் ஈந்த கொடைகளைக் குறிக்கும் கல்வெட்டுக்கள், தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் இரண்டாம் தொகுதியில் ஹுல்ஷ் அவர்களால் பதிப்பிக்கப்பெற்றன. அவற்றுட் பல ஒரே அமைப்பின. இறைவன் திருமேனிக்குத் திருவமுது முதலியவற்றின் பொருட்டு இவ்வளவு காசு வைக்கப்பெற்றது. அதனை இன்ன ஊர்ச் சபையார் பெற்றுக்கொண்டனர். அதற்கு ஆட்டாண்டுதோறும் இவ்வளவு பொலிசை தருதற்குக் கடமைப்பட்டனர் என அவை செல்லும். பொலிசை இருவகை. காசாகத் தருவதாயின் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகத் தருவதாயின் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி. இவ்விரண்டும் ஒக்கும் எனக் கொண்டால், அரைக்கால் காசு மூன்று குறுணிக்குச் சமம். ஒரு காசு 24 குறுணிக்குச் சமம். இரண்டு கலம் என்னும் புகழ்பெற்ற விலை பிறந்த கதை இதுவே.

ஆக, இஃது அங்காடியில் வணிகன் கூறிய விலை அன்று; இரண்டு வட்டி முறைகளினின்றும் பின்வந்த அறிஞர் வருவித்த கணக்கு. தஞ்சையில் திரிபுவனமாதேவியின் பெயரால் ஒரு பேரங்காடி இருந்தது. அங்கே ஐப்பசியில் நெல் என்ன விலைக்கு விற்றது, தையில் என்ன விலைக்கு விற்றது என்பதனை எக்கல்லும் கூறவில்லை. கோயிற் கணக்குக்கு ஆண்டு முழுமைக்கும், ஏன், சந்திரனும் சூரியனும் உள்ளளவுக்கும், ஒரே வீதம் வேண்டியிருந்தது. ஆகவே விளைவு மிகினும் குறையினும் மாறாத ஒன்றை எழுதிவைத்தனர். அளவையும் அவ்வாறே ஒருமைப்படுத்தப்பெற்றது. இராசகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று கல்வெட்டுக்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகின்றன. ஊர்தோறும் மரக்கால் வேறுபட்டிருந்தமையாலன்றோ இவ்வற்புறுத்தல் வேண்டியதாயிற்று!

இக்கல்வெட்டுக்களிற் பொருளியல் நோக்குடையார்க்கு மிகவும் பயன்படுவது காசின் விலை அன்று என்பது எம் கருத்து. உணவுப் பொருள்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவே பெரும் பயன் தருவது. திருவமுதுக்கு வேண்டிய பழவரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, உப்பு, தயிர், சருக்கரை, பாக்கு, வெற்றிலை, விறகு ஆகிய அனைத்தும் நெல்லாக மாற்றிக் கணக்கிடப்பெற்றுள்ளன. மலைநாட்டு மிளகும் கடற்கரை உப்பும் காவிரிப் படுகையின் நெல்லிலே பெயர் எழுதிக்கொண்டன எனலாம். இவற்றுள் அரிசிக்குரிய வீதம் தனியே நோக்கத்தக்கது. இரண்டு அளவு அரிசிக்கு ஐந்து அளவு நெல் என்பது தஞ்சையிலன்றிச் சோழநாட்டின் பிற கோயில்களிலும் வழங்கியது. நெல்லிற் பாதி அரிசி காணும் என்பது நம் இல்லத்து மூதாட்டியர் கணக்கு. அதன்படி ஐந்து நாழி நெல் இரண்டரை நாழி அரிசி தருதல் வேண்டும். கோயிலோ இரண்டு நாழியையே பெற்றது. எஞ்சிய அரை நாழி எங்கே சென்றது? குற்றுவாரின் கூலியும், நொய்யும் தவிடுமாகிய கழிவும் அதனுள் அடங்கின என்று யாம் கொள்கின்றோம். இக்கணிப்புச் சரியாயின், உலக்கை பிடித்த பெண்டிரின் உழைப்புக்கு நம்மிடமுள்ள தொன்மையான விலைச் சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும். அவர்தம் பெயர் ஒரு கல்லிலும் இல்லை. வீதத்தின் இடுக்கில் மட்டும் உள்ளனர்.

இனி, மாறாத வீதத்தால் ஊதியம் பெற்றார் யார், சுமை தாங்கினார் யார் என்பதைப் பார்ப்போம். ஊர்ச் சபையார் பெற்ற காசு, முதலைத் திருப்பித் தந்து மீளும் கடன் அன்று. பொலிசை என்றும் நின்று நடத்தல் வேண்டும். பருவம் பொய்யாத ஆண்டில் ஒரு காசுக்கு மூன்று குறுணி தருவது உழவர்க்கு எளிது. காவிரி வற்றிய ஆண்டிலோ அதே மூன்று குறுணி, அங்காடியிற் பன்மடங்கு மதிப்புடைய மூன்று குறுணி. எழுதப்பெற்ற வீதம் அம்மாற்றத்தை அறியாது. நெல் மலிந்த ஆண்டிற் கோயிலுக்குச் சிறிது இழப்பு. நெல் அருகிய ஆண்டில் ஊருக்குப் பேரிழப்பு. மேலும், கோயிற் பண்டாரத்தில் நெல் தங்கும். உழவர் குதிரிலோ தங்காது. ஊரார்க்கு வேளாண்மைச் செலவுக்கு முன்பணம் கிடைத்தது என்று இவ்வேற்பாட்டைப் போற்றுவார் உளர். அது பொய்யன்று. ஆயின் அம்முன்பணத்தின் மறுபக்கத்தையும் காணல் வேண்டும்.

மறுபக்கத்தைக் காட்டுவது கி.பி. 1054-ஆம் ஆண்டைச் சார்ந்த ஆலங்குடிக் கல்வெட்டு. காலம் பொல்லாததாயிற்று. உண்பதற்கு நெல் இல்லை, விதைக்க வித்தில்லை, பயிர்த்தொழிலின் பிற செலவுக்கும் வழியில்லை. சபையார் கோயிலுக்குரிய அணிகலன்களும் கலங்களுமாகிய பொன் 1011 கழஞ்சும், வெள்ளி 464 பலமும் கடனாகப் பெற்றனர். அதற்கு ஈடாக எட்டே முக்கால் வேலி நிலம் கோயிலுக்குச் சென்றது. அந்நிலத்தின் விளைவே கடனுக்கு வட்டியாக நின்றது. இதனின்றும் இரண்டு செய்திகள் போதரும். முதலாவது, பொன் கொடுத்தால் நெல் கிடைத்தது. அஃதாவது பஞ்சம் ஆலங்குடியை வருத்திய அவ்வாண்டில், விற்பதற்கு நெல் வைத்திருந்த இடம் வேறெங்கோ இருந்தது. அதனைக் கொணர்ந்து விற்பாரும் இருந்தனர். நெல் வாணிகம் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான குறிப்புக்களுள் இதுவும் ஒன்று. ஆனால் வணிகரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத குறிப்பு! இரண்டாவது, ஊரார்க்கு ஈடு வைக்க நிலம் இருந்தது. ஒரு பஞ்சத்தைக் கடத்தற்கு அஃது உதவிற்று. அடுத்த பஞ்சத்துக்கு அந்நிலம் அவர்பால் இல்லை.

திருப்பாம்புரக் கல்வெட்டு மூன்றாம் குலோத்துங்கனின் இருபத்து மூன்றாம் ஆட்சியாண்டினது, கி.பி. 1201. காசுக்கு மூன்று நாழியாக நெல் விற்ற அவ்வாண்டில், வேளாளர் ஒருவர் தம் மகளிர் இருவரோடு தம்மையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். விலை 110 காசு. ஈடு வைக்க இவர்க்கு எஞ்சியது தம் உடம்பே போலும்.

இவ்விடத்திலேதான் 64 மடங்கு என்னும் கணக்கு நம்மைத் தவறான நெறியிற் செலுத்துகின்றது. இராசராசன் காலத்துக் காசு பொன்னை ஒட்டி மதிக்கப்பெற்றது. பிற்காலச் சோழர் நாளிற் காசு என்றது பெரும்பாலும் செப்புக் காசையே. பெயர் ஒன்று, பொருள் வேறு. இதனை மறந்து, தஞ்சைக் கணக்கைத் திருப்பாம்புரத்தின்மேல் ஏற்றினால், 110 காசு 220 கலம் நெல்லாகிவிடும். தஞ்சைக் கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகளுள் ஒருவர்க்கு ஆண்டுப் பங்கு 100 கலம். அப்பங்கின் இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட செல்வத்தை அவ்வேளாளர் பெற்றார் என்றன்றோ முடியும்! நூல்களில் 110 காசு என்று மட்டும் எழுதிச் செல்லுங்கால், படிப்போர் உள்ளத்தில் இத்தகைய மயக்கம் நேர்தல் இயல்பே.

காசை இடையினின்றும் நீக்கிவிடின் மயக்கம் தீரும். நீக்குதற்கு வழியும் அக்கல்வெட்டிலேயே உள்ளது. விலையும் நெல்வீதமும் ஒரே ஆண்டினவாய், ஒரே காசில் கூறப்பெற்றுள்ளன. 110 காசுக்குக் காசு ஒன்றுக்கு மூன்று நாழி வீதம் 330 நாழி நெல். அஃதாவது மூன்று கலம், ஐந்து குறுணி, இரண்டு நாழி. அக்காசு பொன்னாயினும் செம்பாயினும் இவ்வெண் மாறாது.

இந்த 330 நாழி எத்துணைத்து? தஞ்சையில் திருப்பதியம் விண்ணப்பம் செய்த பிடாரர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், அஃதாவது 24 நாழி, வழங்க இராசராசன் ஆணையிட்டான். தளிச்சேரிப் பங்காகிய 100 கலத்தையும் நாட்களாற் பகுத்தால் ஏறத்தாழ 26 நாழி வருதலின், கோயிற் பணியாளர் ஊதியத்தின் ஒரு தரம் இதுவெனக் கொள்ளலாம். அவ்வாறாயின் மூவரின் விலை ஒரு பிடாரரின் 14 நாள் ஊதியத்துக்கும் குறைவு. வேறோர் அளவுகோலும் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் நடைபெற்ற கல்லூரியில் இளைய மாணவர்க்குத் தலைக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல் அளக்கப்பெற்றது. அவ்வீதத்தில் மூவர்க்கு ஒருநாளைக்கு 18 நாழி. ஆகவே 330 நாழி அவர்க்கு 18 நாள் உணவு. பத்தொன்பதாம் நாளுக்குப் பாதி வயிற்றுக்கும் போதாது.

நாழி ஊர்தோறும் வேறுபட்டது. தஞ்சை அளவைத் திருப்பாம்புரத்துக்குக் கொள்ளலாமோ என வினவுவார் இருப்பர். நேரிய வினா. திருப்பாம்புரத்து நாழியை இரட்டித்தே கணக்கிடினும் 18 நாள் 37 நாளாகுமேயன்றி, ஓர் அறுவடைக் காலம்வரைகூட அந்நெல் எட்டாது. இவ்விலைக்காகவா மூவர் தம்மை விற்றனர்? அன்று என்றே யாம் கருதுகின்றோம். 110 காசு அவர் பெற்றதன் சிறுபகுதி. எஞ்சியது கோயிற் பண்டாரத்து நெல்லின்மேல் அவர்க்கு உண்டாகிய பற்று. அடிமையாயினார்க்கு உணவளித்தல் கோயிலின் கடன். அங்காடியில் நெல் இருந்தது. ஆனால் மூன்று நாழிக்கு ஒரு காசு கொடுப்பார்க்கே இருந்தது. பண்டாரத்தில் நெல் இருந்தது. அஃது அங்காடி விலைக்குக் கட்டுப்படாதது. அங்காடியினின்றும் பண்டாரத்துக்குச் செல்லும் வாயில் ஒன்றே. அவ்வாயிலைக் கடத்தற்கு அவர் கொடுத்த கட்டணம் தம் உரிமையும், தம் மகளிர் உரிமையும்.

பண்டாரத்து நெல் வானினின்று விழுந்ததன்று. கோயில் நிலங்களின் விளைவும், ஊர்கள் ஆட்டாண்டுதோறும் அளந்த பொலிசை நெல்லும் அங்கே சேர்ந்தன. தஞ்சையிற் கண்ட மூன்று குறுணியையும் திருப்பாம்புரத்து மூன்று நாழியையும் இணைப்பது காசு அன்று, இக்குதிரே. மாறா வீதத்தில் நெல் ஓரிடத்துச் சேர்ந்துகொண்டே வந்தமையால், பற்றாக்குறை நேர்ந்த காலத்து நெல்லுடையார், நெல்லில்லார் என்னும் பிரிவு கூர்மையாயிற்று. கோயில்கள் இரக்கமின்றி நடந்தன என்று கூறுவது எம் நோக்கமன்று. அவை ஏற்றிராவிடின் அம்மூவர் மாண்டிருப்பர். இராசராசன் காலம் வளமற்றது என்பதும் எம் வாதமன்று. நூற்றுக்கணக்கான கலைஞர்க்கு ஆண்டுக்கு நூறு கலம் அளந்த நாட்டில் விளைவு மிக்கிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வளத்துக்குச் சான்று இரண்டு கலம் என்னும் விலை அன்று, அளக்கப்பெற்ற நெல்லே.

கூலியும் ஊதியமும் நெல்லாகவே குறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்கும் கிடைக்கின்றன. அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து, அவ்வவ்வூர் மரக்காலின் பெயரோடு பட்டியலிட்டால், திருப்பாம்புரத்தின் 330 நாழியைத் தஞ்சையின் அளவுகோலை நாடாமல் அதன் காலத்து அளவுகோலாலேயே மதிக்க இயலும். எம் மாணவர் இருவர் காவிரியின் தென்கரைக் கோயில்களிலிருந்து இத்தொகுப்பைத் தொடங்கியுள்ளனர்.